கழுவி வைத்த வாளி

நட அம்மிணி. தண்ணித்தொட்டி வரைக்கும் போய்த் திரும்பிட்டாப் போதும், அதுக்கு மேல உன்னைக் கேக்க மாட்டேன். காலையில இருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீயும் நம்பி நம்பி நடக்கறே. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க, எனக்குக் கல்யாணச் சாப்பாடும் போச்சு, வீட்டுப் பழையதும் போச்சு. உன்ற வயிறு அடைச்சுக் கிடக்குது, என்ற வயிறு காலியாக் கிடக்குது, நல்ல சோடி. படுக்காதே. அந்த மணலைப் பாக்காதேங்கறேன். டாக்டரம்மா சொன்னது உனக்கும் காதுல விழுந்துச்சில்ல? படுத்துப் பொரண்டாக் கொடல் முறுக்கிக்கும், முறுக்கிக்கிச்சுன்னா ஆருனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நடக்கணும். நடந்து நடந்து எப்ப லத்தி போடறயோ அப்பப் பொழைச்சே. பெங்களூர்ல அஞ்சடி மதிலை ஒரு தட்டுத் தட்டாமத் தாண்டின ராணி நீ, உன்ற உசுரு இன்னிக்கு ஒரு கைப்பிடி லத்தியில வந்து நிக்குது பாரு. சிரிப்பு வருது. அழுகையும் வருது. டாக்டரம்மா வேப்பமரத்தடியில தீனிப்பெட்டி மேல உக்காந்து கடியாரத்தைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. மாட்டு டாக்டர் அவுங்க. போன் பண்ணினப்ப, "அண்ணா, நான் குதிரையைத் தொட்டதே காலேஜ்ல படிக்கறப்பதான், பரவால்லையா"ன்னு கேட்டாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற டாக்டரை என்ற ஆயுசுல இன்னிக்குத்தான் பாக்கறேன். ஆளு என்ற தோளுக்குக்கூட வர மாட்டாங்க. வந்தாங்க, துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டினாங்க, மூக்கு வழியாக் குழாய் விட்டு எண்ணெய் ஊத்தினாங்க, ஊசி போட்டாங்க, பொறவு உன்ற பின்னால நின்னு தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாங்களே, அடேங்கப்பா! நீ ஒரு உதை விட்டிருந்தா அவுங்க வேலியைத் தாண்டிப் போய் விழுந்திருப்பாங்க. நீ விடல. ஆளைத் தெரிஞ்சுக்கறதுல நீ எப்பவுமே கெட்டிக்காரி.

தெரியாமப் போனவன் நான்தான். நாச்சிமுத்துன்னு பேரு வெச்சதுக்கு மண்ணாங்கட்டின்னு வெச்சிருக்கலாம். காலையில ஆறு மணிக்கு மேனேஜர் ஜெகதீசன் லாயத்து முன்னால வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கறான். முதலாளி கோயமுத்தூர்ல மில்லைப் பாப்பாரு, இந்தத் தோட்டம், உன்னோட சேத்து மூணு குதிரை, நான், காவல்காரன், எல்லாம் இவன் கையில. "ஏப்பா, உன் மச்சினன் வீட்டுல கல்யாணமாமே, சம்சாரத்தை மட்டும் அனுப்பினா நல்லாவா இருக்கு? நீயும் போ. சாவகாசமா நாளைக்கு வந்தாப் போதும்"ங்கறான். போன வாரம் இதே லீவைக் கேட்டப்ப, "குதிரையை உங்கொப்பனா வந்து பாப்பான்"னு கேட்டவன். வாயில இன்னிக்குத் தேன் ஒழுகுது. எனக்குத் தலைகால் புரியல. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, நெத்திக்குத் திருநீறு பூசிக்கிட்டு, உனக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுக் கிளம்பிப் போனேன். நீ என்ற சட்டைப் பையை மோந்தே. பசி. முந்தாநாள் பொழுதோட இருந்து உனக்குத் தீனி கிடையாது. "ரத்தம் எடுக்க டாக்டர் வர்றாரு, ஒரு புல்லுகூடப் போடக் கூடாது"ன்னு ஜெகதீசன் சொன்னான், நானும் சரின்னு தலையாட்டினேன். எந்த டாக்டரு, எப்ப வருவாருன்னு ஒரு வார்த்தை கேட்டனா? ராத்திரியெல்லாம் நீ தொட்டியை நக்கிக்கிட்டுக் கிடந்தே, நான் போர்த்திக்கிட்டுத் தூங்கினேன். பன்னண்டு வருசமா உன்னைப் பாக்கறவன் பண்ற காரியமா இது. பஸ் ஸ்டாப்புல போய் நிக்கறேன், பஸ் வருது, கண்டக்டர் ஏறுங்க ஏறுங்கங்கறான், ஒரு காலைப் படியில வெச்சுட்டேன். அப்பத்தான் அந்த வார்த்தை வந்து மாட்டுச்சு. சாவகாசமா. சாவகாசமா நாளைக்கு வா. இதே சொல்லை இதே வாய் முன்னயும் சொல்லியிருக்குது. காலைக் கீழ எடுத்தேன். "ஏனுங்க, வர்றீங்களா இல்லியா"ன்னு கண்டக்டர் கத்தறான். வேட்டியை மடிச்சுக் கட்டினேன், ஒரே ஓட்டம். அம்பத்தாறு வயசுல நான் அப்படி ஓடினதை நீ பாத்திருந்தா என்னையும் போட்டிக்கு அனுப்பியிருப்பே.

திரும்பு அம்மிணி. அந்தா, தொட்டி வந்துருச்சு. இன்னொரு சுத்து. நான் வந்து சேந்தப்ப ஜெகதீசனும் இல்ல, காவல்காரனும் இல்ல, தோட்டத்துல ஈ காக்கா இல்ல. நீ முன்னங்காலால தரையைப் பறிச்சுக்கிட்டு, திரும்பித் திரும்பி உன்ற விலாவையே பாத்துக்கிட்டு நிக்கறே. உடம்பெல்லாம் வேர்வை ஊத்துது. பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. ஆனா உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி என்ற கண்ணு போனது அந்த வாளிக்கு. லாயத்து வாசல்ல சுத்தமாக் கழுவிக் கவுத்து வெச்ச வாளி. அடியில தண்ணி இன்னும் சொட்டிக்கிட்டு இருக்குது. ஜெகதீசன் காப்பி குடிச்ச டம்ளரைக்கூட நகத்தி வைக்காத மகராசன். அவன் ஒரு வாளியைக் கழுவறான்னா அந்த வாளியில இருந்தது ஆருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே? தானியப் பெட்டியைத் திறந்தேன், பாதி இறங்கிக் கிடக்குது. ரெண்டு நாள் பட்டினி போட்ட குதிரை முன்னால அத்தனையையும் கொட்டினா அது என்ன பண்ணும், திங்கத்தான் திங்கும். நீ இன்னிக்கு நல்ல மனுசன்னு நெனச்சிருப்பே அவனை. போன மாசம் அவனே பல்லைக் குத்திக்கிட்டு எங்கிட்டச் சொன்னான், "இவளுக்குப் பதினஞ்சு முடியுது, அதுக்கு மேல இன்சூரன்ஸ் கிடையாதாம், அடுத்த மாசம் பத்தாம் தேதியோட சரி"ன்னு. இன்னிக்குத் தேதி பத்து. முதலாளி மக பாப்பா வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருச்சு, உன்மேல ஏற ஆளில்ல, உன்ற பின்னங்கால் நரம்பு வேற வீங்கிப் போச்சு. உசுரோட இருந்தா நீ தண்டச் சோறு. இன்னிக்குச் செத்தா அவுங்களுக்கு லாபம். ஒரு தேதிக்குள்ள சாகணும்னு குதிரைக்கு நாள் குறிச்சிருக்கானுங்க, நாசமாப் போறவனுங்க.

துரை. நெனைக்கக் கூடாதுன்னு நெனைக்கறேன், ஒவ்வொரு சுத்துலயும் அந்த மூணாம் கொட்டாயைத் தாண்டித்தானே போக வேண்டியிருக்குது. இப்பக் காலியாக் கிடக்குதே, அதுலதான் துரை நின்னான். மூணு வருசமாச்சு. நல்ல கறுப்பு, குதிச்சுக்கிட்டே இருப்பான், காலுல எலும்பு விட்டுப் போனதும் போட்டிக்கு ஆகாதுன்னுட்டாங்க. அன்னிக்கும் ஜெகதீசன் லீவு குடுத்தான். "மருதமலைக்குப் போகணும்னயே, போய்ட்டு சாவகாசமா வா." நானும் மொட்டை போட்டுக்கிட்டுப் பிரசாதத்தோட வர்றேன், துரை வயிறு உப்பிக் காலை விறைச்சுக்கிட்டுக் கிடக்கறான். வாசல்ல கழுவின வாளி. பாத்தேன். இப்பப் பாத்த மாதிரியேதான் பாத்தேன். ஒரு நிமிசத்துல எனக்குப் புரிஞ்சு போச்சு அம்மிணி, புரியலன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப் போகும். ரெண்டு நாள் கழிச்சு ஜெகதீசன் ஒரு காயிதம் நீட்டினான். நாச்சிமுத்து ஆகிய நான் அன்று முழுவதும் குதிரையுடன் இருந்தேன், டாக்டர் சொன்னபடி நடத்தினேன், விதி முடிந்தது, இப்படி. முதலாளியோட டாக்டரும் அதுல எழுதியிருந்தாரு. "போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வா, காயிதத்துல அழுக்குப் படக் கூடாது"ன்னான். கழுவினேன். துண்டுல துடைச்சேன். கையெழுத்துப் போட்டேன். குடியிருக்கற வீடு அவுங்களுது, குடிக்கற கஞ்சி அவுங்களுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சம்சாரம் சரசாகிட்டக்கூடச் சொல்லல. அன்னிக்கு ராத்திரி உனக்குத் தண்ணி வெச்சப்ப நீ குடிக்காம என்ற கையை மோந்து மோந்து பாத்தே. சோப்பு வாசம் உனக்குப் பிடிக்காது, அதான்னு நெனச்சுக்கிட்டேன். அதான். வேறென்ன. நட, நட.

பையில போன் அடிக்குது. ஜெகதீசன். அய்யோ, கத்தாதே அம்மிணி, உன்ற கால்ல விழறேன். "சொல்லுங்க." "என்ன நாச்சிமுத்து, முகூர்த்தம் முடிஞ்சுதா?" "முடிஞ்சுதுங்க, பந்தியில உக்காந்துட்டேனுங்க." "என்ன சாப்பாடு?" இவனுக்கு என்ன அக்கறை? "ஜாங்கிரி வெச்சிருக்காங்க, இன்னும் சாம்பாரு வரலீங்க." வாயில எச்சில் ஊறுது எனக்கு, இல்லாத ஜாங்கிரிக்கு. அப்பன்னு பாத்து நீ மூக்கை விடைச்சு ஒரு கனைப்பு விட்டே பாரு. "என்னப்பா அது, குதிரை சத்தம்?" "மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் குதிரை கொண்டாந்திருக்காங்க, எலும்பும் தோலுமா, நம்ம குதிரையெல்லாம் பாத்த கண்ணுக்கு அது கழுதைங்க." சிரிக்கறான்! "சரி சரி, மெதுவா வா, நாளைக்கு வந்தாப் போதும். வந்தா ஒரு காயிதத்துல கையெழுத்து இருக்கும்"ங்கறான். வெச்சுட்டான். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. "அண்ணா, கழுதைன்னு சொன்னதுக்கு அவ கோவிச்சுக்கப் போறா." கோவிச்சுக்கிட்டாலும் சரி, திட்டறதுக்கு உசுரோட இருந்தாச் சரி. நாளைக்கு ஒரு காயிதம். நீ சாகறதுக்கு முன்னாடியே உன்ற சாவுக்குக் காயிதம் தயாரு. என்ற பேரு அதுல ஏற்கனவே இருக்கும், டைப் அடிச்சு.

எப்படித் தாண்டுவே நீ! அதை நெனச்சுக்கிட்டாக் காலு வலிக்க மாட்டேங்குது. செருப்பு வார் அறுந்து போய் ரெண்டு மணி நேரமாச்சு, மணல் சுடுது, ஆனா நீ பெங்களூர் மைதானத்துல வந்து நின்ன அந்த நிலை இருக்குதே. ஆயிரம் சனம். பாப்பாவுக்கு அப்பப் பதினாலு வயசு, மேல உக்காந்து நடுங்குது. நீ காதை மட்டும் முன்னால திருப்பினே. ஓட்டம்கூட இல்ல, அது ஒரு மாதிரி யோசனையான நடை, எத்தனை அடின்னு எண்ணிக்கிட்டு வர்ற மாதிரி. கடைசி மதிலுக்கு முன்னால பாப்பா ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு, கால்ல மாட்டின சேண வளையம் நழுவிப் போச்சு. வேற குதிரைன்னா நின்னிருக்கும், இல்ல புள்ளையைத் தூக்கி எறிஞ்சிருக்கும். நீ சாஞ்ச பக்கமே உன்ற தோளைக் கொண்டுபோய்க் குடுத்தே. குடுத்துக்கிட்டே தாண்டினே. மேல போனப்ப சத்தமே இல்ல, அத்தனை சனமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, நான் கம்பி வேலியைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். கப்பை முதலாளி வாங்கினாரு, மாலையைப் பாப்பா போட்டுக்கிச்சு, உனக்கு ஒரு வெல்லக்கட்டி. அந்த வெல்லத்தைக் குடுத்த கை எந்தக் கைன்னு தெரியுமா உனக்கு? உனக்குத் தெரியும். போட்டிக்கு முன்னால ஒரு மாசம், நீ தாண்டறப்பக் கட்டைக்கு மேல மூங்கிலைத் தூக்கி உன்ற முழங்காலுக்குக் கீழ அடிச்ச கைதான் அது. அடி பட்டா அடுத்த தடவை இன்னும் உசரமாத் தூக்குவே, அதுக்கு. எல்லா லாயத்துலயும் பண்றதுதான்னான் ஜெகதீசன். மூங்கிலோட ஒரு முனையை அவன் பிடிச்சான், மறு முனையை நான். ராத்திரி அதே காலுக்கு எண்ணெய் தடவினதும் நான்தான். நீ ஒரு நாளும் கடிக்கல. காலைத் தூக்கி என்ற மடியில வெச்சே. என்ன ஜென்மம்டீ நீ? எனக்கு அந்த மனசு வராது. ஜெகதீசன் மேல இருக்கற ஆத்திரம் எனக்கு ஏழு பிறவிக்குத் தீராது.

ஏய். ஏய் ஏய், மடக்காதே! அய்யோ முட்டி போட்டுட்டா, டாக்டரம்மா, ஓடி வாங்க! எந்திரி. எந்திரி அம்மிணி. என்ற தாயே, என்ற குலசாமி, எந்திரி. கயித்தை நான் இழுத்தா உன்ற பாரம் அசையுமா, நீ இழுத்தா நான்தான் வர்றேன். கண்ணு மேல போகுது. டாக்டரம்மா பின்னால தோளைக் குடுத்து முட்டறாங்க, அந்தச் சின்ன ஒடம்பு. "அண்ணா, எதாச்சும் சொல்லுங்க, உங்க குரலுக்குத்தான் காதைத் திருப்பறா!" என்ன சொல்ல? வாயில வர்றது ஒண்ணுதான். "துரையை நான் கொன்னேன் அம்மிணி, உன்னையும் கொன்னுட்டு என்னை எங்க போகச் சொல்றே?" கத்திப்போட்டேன். கேட்டுருச்சு டாக்டரம்மாவுக்கு. கேக்கட்டும். மூணு வருசம் தொண்டைக்குள்ள இருந்தது வெளிய விழுந்துருச்சு. நீ ஒரு காலை ஊனினே. இன்னொண்ணு. ஒடம்பை உதறினே பாரு, நான் மணல்ல மல்லாக்க விழுந்தேன். என்ற ராசாத்தி நிக்கறா! டாக்டரம்மா வந்து குனிஞ்சாங்க. என்ற கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டு, "நடங்கண்ணா, பாதி தூரம் வந்துட்டா"ன்னு மட்டும் சொன்னாங்க. பொறவு உன்ற விலாவுல காதை வெச்சாங்க. காலையில வெச்சப்பக் கொடல்ல ஒரு சத்தமும் இல்லைன்னு உதட்டைப் பிதுக்கினவங்க, இப்ப விரலைத் தூக்கி எனக்குச் சாடை காட்டறாங்க. நானும் வெச்சேன். குடுகுடுன்னு தூரத்துல வண்டி போற மாதிரி. ஒரு தடவை. இன்னொரு தடவை.

மணி நாலிருக்கும். கேட்டுல மோட்டார் சைக்கிள் சத்தம். ஜெகதீசன்தான்னு நெனச்சேன், ஆனா இது ஆரோ ஹெல்மெட்டு, தோள்ல பை, வேர்த்து வழிஞ்சு வர்றாரு. "ஏப்பா, இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து வர்றேன். இங்க காலையில ஒரு குதிரை செத்துப் போச்சாமே, எங்க கிடக்குது?"

நானும் டாக்டரம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறோம். "காலையிலயேங்களா?"

"ஒன்பது மணிக்குச் செத்துருச்சுன்னு பத்து மணிக்கு உங்க மேனேஜர் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. போன தடவை எங்க ஆளு மறுநாள் வந்து, நாத்தத்துல நிக்க முடியலையாம். அதான் இந்தத் தடவை சீக்கிரமே சொல்லிட்டேன், சீக்கிரம் வாங்கன்னாரு." பையில இருந்து காயிதத்தை எடுத்துப் படிக்கறாரு. "ராயல் எம்பரஸ். பெண். செம்பழுப்பு. நெத்தியில வெள்ளைப் பொட்டு, இடது பின்னங்கால் கணுக்கால் வரைக்கும் வெள்ளை."

காயிதத்துல உன்ற பேரு அது. படிச்சுக்கிட்டே தலையைத் தூக்கறாரு. முன்னால நீ நிக்கறே. நெத்தியில பொட்டு. கீழ குனிஞ்சு உன்ற காலைப் பாக்கறாரு. துரை மத்தியானத்துக்குள்ள போயிட்டான், அந்தக் கணக்கை வெச்சு உன்னையும் முடிச்சுட்டான் ஜெகதீசன். உன்ற பக்கத்துல ஒரு ஆளு நிப்பான்னு அவன் கணக்குல இல்ல. நான் பந்தியில ஜாங்கிரி தின்னுக்கிட்டு இருக்கேனே!

"இதானுங்க"ன்னேன். "செத்த குதிரை இதானுங்க. காலையில இருந்து நடத்திக்கிட்டு இருக்கேன்."

"விளையாடறியா?" சுள்ளுன்னு விழுந்தாரு. ஆனா பையில இருந்து ஒரு மிஷினை எடுத்தாரு. உனக்குக் கழுத்துத் தோலுக்குள்ள அரிசி மாதிரி ஒண்ணு வெச்சிருக்குதில்ல, அதைப் படிக்கற மிஷின். உன்ற கழுத்துல வெச்சாரு. கீச்சுன்னுச்சு. அவரு ஒவ்வொரு எழுத்தாக் காயிதத்தோட ஒத்துப் பாக்கறாரு, உதடு அசையுது. கடைசி எண்ணுக்கு வந்ததும் கையை இறக்கிட்டாரு. முகத்துல ரத்தமில்ல. அந்த நேரம் பாத்து நீ வாலைத் தூக்கினே.

எனக்குக் கையைப் பின்னால நீட்டணும்னு எப்படித் தோணுச்சோ. ரெண்டு கையிலயும் விழுந்துச்சு அம்மிணி, சுடச்சுட, எண்ணெயில மினுமினுத்துக்கிட்டு, உருண்டை உருண்டையா. டாக்டரம்மா "போட்டுட்டா! போட்டுட்டா!"ன்னு சின்னப் புள்ளையாட்டம் குதிக்கறாங்க. அந்தம்மாவோட கண்ணுல தண்ணி. நான் கையை நெஞ்சோட வெச்சுக்கிட்டு நிக்கறேன், கல்யாணத்துக்குக் கட்டின வெள்ளை வேட்டியில வழியுது. இன்சூரன்ஸ்காரர் ரெண்டடி தள்ளித்தான் நிக்கறாரு, ஆனா மூக்கைப் பொத்தல, அதுக்கே அவரைக் கும்பிடலாம்.

"உன் பேரென்னப்பா?"

"நாச்சிமுத்துங்க."

யோசிக்கறாரு. "இந்தப் பேரை எங்கயோ பாத்திருக்கேனே. இதே தோட்டத்துக் கேசு ஒண்ணு…"

வீடு போகும். வேலை போகும். சரசா கல்யாண வீட்டுல இருந்து மூட்டையோட வந்து நின்னு எங்க குடியிருக்கறதுன்னு கேப்பா. பொய்க் கையெழுத்துக்கு என்னைப் பிடிச்சு உள்ள போட்டாலும் போடுவாங்க. எல்லாம் தெரியுது. உன்ற மூச்சு என்ற கழுத்துல படுது.

"ஆமாங்க. துரைன்னு ஒரு கறுப்புக் குதிரை. அந்தக் காயிதத்துல இருக்கற கையெழுத்து என்னுது, எழுதியிருக்கறது பொய்யி. அன்னிக்கு நான் இங்க இல்லவே இல்லீங்க. அன்னிக்கும் வாளி கழுவியிருந்துச்சு, இன்னிக்கும் கழுவியிருக்குது, அங்க பாருங்க. நான் தொடல."

அவரு வாளிகிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் மோட்டார் சைக்கிளுக்குப் போய் அட்டையும் பேனாவும் எடுத்துட்டு வந்து எழுத ஆரம்பிச்சாரு. நான் சொல்லச் சொல்ல எழுதினாரு. பட்டினி போட்டதையும், நான் சரின்னு தலையாட்டினதையும் விடாம எழுதச் சொன்னேன். முடிச்சுட்டு என்ற கையைப் பாத்தாரு. "கையெழுத்துப் போடணும். போய்க் கையைக் கழுவிட்டு வந்துரு."

"வேண்டாங்க"ன்னேன். "போன தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் போட்டேன்."

பேனாவை வாங்கினேன்.